‘அப்பாவுக்குத்தான்க்கா’ என்று கேட்கும் பையனுக்கு என்ன சொல்வது?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். அவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது, இப்போது நான்தான் பார்க்கிறேன். வாழைப்பழம், பிஸ்கட், தட்டுவடை, தண்ணீர் பாட்டில், பீடி, சிகரெட் எல்லாம் உண்டு. கடையிலிருந்து இரண்டு நிமிஷம் நடந்தால் ஒரு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது.

பள்ளி விட்டதும் யூனிஃபார்மோடு பையன்கள் வந்து சிகரெட் கேட்கிறார்கள். “அப்பாவுக்குத்தான்க்கா” என்பான் ஒருத்தன். “மாமா வண்டியில நிக்கிறாரு” என்பான் இன்னொருத்தன். இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். கூட வருகிற நாலு பேரும் கூல்டிரிங்க்ஸ், பிஸ்கட் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு வியாபாரம் போகிறது. நான் ஒருத்தி கொடுக்காமல் இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் மனசு உறுத்துகிறது. இதற்குச் சட்டம் இருக்கிறது என்கிறார்கள், அது என்ன சட்டம்? அந்தப் பையன்களில் ஒருத்தன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் அம்மா வெள்ளிப்பட்டறைக்குக் கொலுசு வேலைக்குப் போகிறவர், எனக்கு நல்ல பழக்கம். அவரிடம் சொல்லலாமா? சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை நான் சரக்கு எடுக்கப் போய்விடுவேன். அப்போது எட்டாவது படிக்கும் என் மகன் கடையில் இருப்பான். அவனுக்கு இளகிய மனசு, யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஒருத்தி கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டத்துக்கு அப்புறம் வருவோம்.

நான் நுரையீரல் மருத்துவர். மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர்களில் ஐம்பத்தைந்து, அறுபது வயது ஆண்கள் நிறையப் பேர். சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் இளைக்கும் அவர்களுக்கு. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கூட்டத்தோடு நடந்துபோக முடியவில்லை என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். எல்லோரிடமும் நான் தவறாமல் கேட்பது, “எத்தனை வயசுல ஆரம்பிச்சீங்க?” என்பது. “எட்டாவது படிக்கறப்ப”, “பத்தாவது லீவுல”, “பட்டறைக்குப் போன புதுசுல” என்று சொல்வார்கள். முப்பது வயதுக்கு மேல் முதல் சிகரெட்டைப் பற்ற வைத்தேன் என்று என்னிடம் சொன்னவர் மிக அபூர்வம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், நாற்பது வருஷத்துக்கு முந்தைய கடையின் அடையாளத்தைச் சரியாகச் சொல்வார்கள். ரேஷன் கடைக்குப் பக்கத்தில், தறிக்கூடத்துக்கு எதிரில், புளியமரத்தடியில் என்று. கடைக்காரரின் முகம்கூட அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கடைக்காரர் அன்றைக்கு நின்ற இடத்தில்தான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். நான் அந்தப் பையனை நாற்பது வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இன்ஹேலர் எழுதுவேன், ஆக்சிஜன் வைப்பேன். போன நுரையீரலைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. உங்களுக்கு அவன் பதினான்கு வயதிலேயே கண்ணில் படுகிறான்.

எதிர்க்கடைக்குப் போவான் என்கிறீர்கள். போவான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் பழக்கம் இன்னும் ஊன்றவில்லை. கையில் இருக்கும் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதா, போகிற வழியில் கிடைக்கிறதா, யாராவது பார்த்துவிடுவார்களா என்பதை வைத்துத்தான் அவன் அன்றைக்குப் பிடிப்பதும் பிடிக்காததும். இரண்டு கடையில் இல்லை என்றால் மூன்றாவது கடைவரை தினமும் நடக்க மாட்டான். தினம் ஒன்று என்றிருப்பது வாரத்துக்கு ஒன்று ஆகும். அதுவே பெரிய விஷயம். புகையை இழுத்த பத்து, இருபது வினாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. மூளையில் ஆசையை அடக்கி, யோசித்து முடிவெடுக்கும் பகுதி இருபத்தைந்து வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கும். அது முதிராத வயதில் நிகோடின் நுழைந்தால் பிடி இறுகுகிறது. தினமும் பிடிக்காத, அவ்வப்போது பிடிக்கிற பிள்ளைகளுக்கே சில வாரங்களில் அடிமைத்தனத்தின் முதல் அறிகுறிகள் தெரிவது உண்டு. பெரியவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. அதனால் ‘ஒண்ணே ஒண்ணுதானே’ என்பது பதினான்கு வயதில் சின்ன விஷயம் இல்லை.

2019-இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுத்த உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. சிகரெட் பிடித்தவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயது ஆவதற்கு முன்பே தொட்டவர்கள். பத்து வயதில் அதை யார் கையிலிருந்து வாங்கியிருப்பார்கள் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

‘அப்பாவுக்குத்தான்க்கா’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பையன் சொல்வது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவது உப்புக்கும் சர்க்கரைக்கும் மட்டும் இல்லையே. நானே போயிருக்கிறேன். என் தாத்தா லீ பஜாரில் மூட்டை தூக்கியவர். எனக்கு எட்டு வயது இருக்கும்போது, சாயங்காலமானால் காசைக் கையில் வைத்து, “ஒரு கட்டு வாங்கிட்டு வா கண்ணு” என்பார். கடையில் ஒரு சின்னச் சிமினி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் டம்ளர் ஒன்றில் சிகரெட் அட்டையை மெல்லிசாக நறுக்கிச் செருகி வைத்திருப்பார்கள். அந்தத் துண்டை விளக்கில் காட்டிப் பெரியவர்கள் பீடி பற்ற வைப்பதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைக்காரர் பீடிக்கட்டோடு ஒரு தேன்மிட்டாயும் கொடுப்பார். அந்த மிட்டாய்க்காகவே நான் ஓடுவேன். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. தாத்தாவும் கெட்டவர் இல்லை, கடைக்காரரும் கெட்டவர் இல்லை. தாத்தா கடைசி மூன்று வருஷம் படுத்துத் தூங்கவே இல்லை. தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். படுத்தால் அவருக்கு மூச்சு வராது. அந்தக் கட்டுகளில் எத்தனையை நான் வாங்கிக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பிள்ளையை அனுப்பும் அப்பாவுக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். பிள்ளையோ அங்கே ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. எந்தப் பெட்டி என்ன விலை, கடைக்காரர் ஒன்றும் கேட்க மாட்டார், காசு கொடுத்தால் கிடைக்கும் என்று தெரிந்துகொள்கிறது. அப்புறம் ஒரு நாள் தனக்காக வாங்கும்போது அதே வாக்கியம் தயாராக இருக்கிறது.

இனி சட்டம். சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-இல் வந்தது. அதன் 6-ஆவது பிரிவு, 18 வயது நிரம்பாத யாருக்கும் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது என்கிறது. யாருக்காக வாங்குகிறான் என்ற கேள்வியே அதில் இல்லை. நீங்கள் நீட்டும்போது வாங்கும் கை யாருடையது என்பதுதான் கணக்கு. அப்பா வாசலில் நின்றுகொண்டு பையனை அனுப்பினாலும் கொடுக்கக் கூடாது. வாங்குபவனுக்கு 18 ஆகிவிட்டது என்று உறுதிசெய்துகொள்ளும் பொறுப்பு விற்கிறவருடையது. பெரிய பையன் மாதிரி இருந்தான் என்பது எடுபடாது.

இந்தப் பிரிவில் அபராதம் 200 ரூபாய்வரை. 2003-இல் வைத்த தொகை இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு, ஒரு நாள் வியாபாரத்தில் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்க வைக்கிற தொகை அது. ஆனால் அதோடு முடியவில்லை. சிறார் நீதிச் சட்டம், 2015 இருக்கிறது. அதன் 77-ஆவது பிரிவின்படி ஒரு குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழு வருஷம்வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். விற்பவர் என்று இல்லை, ‘கொடுப்பவர்’. தம்பிகளுக்காக வாங்கிப் போகும் அண்ணன்மார்களையும் அது தொடும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிற நீங்கள் இது தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

உங்கள் கடிதத்தில் இன்னும் ஒன்று என்னை நிறுத்தியது. பள்ளி இரண்டு நிமிஷ நடை என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருளை விற்கவே கூடாது, பெரியவர்களுக்கும் கூடாது. 100 கஜம் என்றால் 300 அடி, ஏறக்குறைய 91 மீட்டர். அதை ரோட்டு வழியாக, கேட்டிலிருந்து அளப்பது இல்லை. பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளி ஓரத்திலிருந்து நேர்கோட்டில் சுற்றிலும் அளக்க வேண்டும். கேட் அந்தப் பக்கம் இருந்து, மைதானத்துச் சுவர் உங்கள் கடைப் பக்கம் நீண்டிருந்தால், நடைக்கு இரண்டு நிமிஷமானாலும் அளவுக்கு நீங்கள் உள்ளே வந்துவிடலாம். பள்ளிகள் அந்த எல்லையை மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. உங்கள் பக்கம் கோடு இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தல்காரர் வைத்திருக்கும் நீள டேப்பை வாங்கி நீங்களே அளந்து பாருங்கள்.

உள்ளே வருகிறது என்றால் பீடி, சிகரெட் அலமாரியை எடுத்துவிடத்தான் வேண்டும். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, உங்கள் வருமானத்தில் ஒரு பகுதி அது. ஆனால் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. எடுக்கும் முன் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். சிகரெட்டில் உங்களுக்கு நின்ற லாபம் எவ்வளவு, பழம், தட்டுவடை, தண்ணீர் பாட்டிலில் நின்றது எவ்வளவு என்று. சிகரெட்டுக்கு வருகிறவர் கூடவே வாங்குவதையும் எழுதுங்கள். மலை ஏறும் குடும்பங்கள் நிற்கிற ரோடு அது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் குழந்தைக்கு வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், ஒரு பாலித்தீன் கவர் என்று கேட்காத அம்மா இல்லை. அந்த இடத்தை இதற்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையை நடத்துவது நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்.

எல்லைக்கு வெளியே என்றால் பெரியவர்களுக்கு விற்கலாம். அப்போது பையன்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

நீளமாகப் பேசாதீர்கள். “இந்த வயசுல இதெல்லாம் வேணுமா, உங்கப்பன் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிறான்” என்று ஆரம்பித்தால், கூட்டாளிகள் முன்னால் அவனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். வீம்புக்கே வாங்குவான். ஒரே வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள்: “தம்பி, சின்னப் பசங்களுக்கு இங்க குடுக்கறதில்ல. அப்பாவ வரச் சொல்லு.” குரலை உயர்த்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். உடனே, “வேற என்ன வேணும்?” என்று கேட்டுவிடுங்கள். கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு மரியாதையோடு போக அவனுக்கு ஒரு வழி கிடைக்கும், உங்களுக்கும் வாடிக்கை போகாது. எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்க வேண்டும். தெரிந்த வீட்டுப் பையன், கவுன்சிலர் வீட்டுப் பையன் என்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் மறுநாள் ஐந்து பேர் வந்து நிற்பார்கள். பத்து நாள் தொந்தரவு இருக்கும். அப்புறம் அந்த அக்கா கடையில் கிடைக்காது என்று பேர் ஆகிவிடும், கேட்கவே வர மாட்டார்கள்.

மீசை அரும்பியவன் கதை வேறு. சனி, ஞாயிறு பைக்கில் கூட்டமாக ஏற்காடு போகிறவர்களில் யாருக்குப் பதினேழு, யாருக்குப் பத்தொன்பது என்று பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. கேட்டுவிடுங்கள். பைக் ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், எல்லோர் போனிலும் ஆதார் இருக்கிறது. பிரிட்டனில் 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற யாரிடமும் அடையாள அட்டை கேட்பதைக் கடைகள் வழக்கமாகவே வைத்திருக்கின்றன, அங்கும் வயது வரம்பு 18-தான். முகத்தைப் பார்த்து முடிவு செய்வது தப்பாகப் போகும் என்பதால் அப்படி ஒரு இடைவெளி. பக்கத்துக் கர்நாடகம் 2024-இல் திருத்தம் நிறைவேற்றி வயதையே 21 ஆக்கியது. நம் ஊரிலும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

ஒருவன் வந்து ஐந்து சிகரெட் வாங்குகிறான், சுவரோரம் நாலு யூனிஃபார்ம் காத்திருக்கிறது. இதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவனுக்கும் இல்லை என்று சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கும் சில்லறை விற்பனை பற்றி ஒன்று. இன்றைக்குச் சிகரெட் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. விட நினைப்பவர்கள் கூப்பிட இலவச எண்ணும் இருக்கிறது. ஒற்றைச் சிகரெட் வாங்கும் பையன் இவை எதையும் பார்ப்பதே இல்லை, அவன் கையில் வருவது வெறும் குச்சி. முழுப் பெட்டி வாங்கும் காசு பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்காது. பிள்ளைகள் இந்தப் பழக்கத்துக்குள் வருகிற கதவே சில்லறைதான் என்பேன். மகாராஷ்டிரத்தில் 2020-இல் சில்லறை விற்பனைக்குத் தடை போட்டார்கள். முடிந்தால் உங்கள் கடையில் பெட்டியாக மட்டும் விற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பையன்கள் தானாக நின்றுவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

கடை முகப்பில் கயிற்றில் லைட்டர் தொங்குகிறதா? அவிழ்த்துவிடுங்கள். அங்கேயே பற்ற வைத்து நின்று ஊதுகிறவர்களைப் பார்த்துத்தான் பிஸ்கட் வாங்க வரும் சின்னப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் சிகரெட் இருந்தால் அதையும் உங்கள் முதுகுப் பக்கம், கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் எளிதாக எடுக்கும்படி வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ‘18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது தண்டனைக்குரிய குற்றம்’ என்று தமிழில் எழுதி, எச்சரிக்கைப் படத்தோடு ஒரு பலகை மாட்ட வேண்டும். 60 செ.மீ.க்கு 30 செ.மீ., அதாவது இரண்டடிக்கு ஓரடி. பிளெக்ஸ் கடையில் சொன்னால் அடித்துத் தருவார்கள். அந்தப் பலகை உங்களுக்குப் பெரிய துணை. வாயால் மறுக்கத் தயக்கமாக இருக்கும் நாளில் அதைக் கையால் காட்டினால் போதும். சிகரெட் பேர் போட்டு லைட் எரிகிற போர்டைக் கடைக்கு இலவசமாக மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். அது விளம்பரத் தடையில் மாட்டும்.

கூல் லிப், ஹான்ஸ், குட்கா என்று வாயில் அடக்குகிற புகையிலை எதையும் கடைக்குள் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் வகுப்பிலேயே உதட்டுக்குள் அடக்கி வைத்துக்கொள்கிறார்கள், வாசனையும் வெளியே தெரிவதில்லை. ஈ-சிகரெட்டை 2019-ஆம் வருஷச் சட்டம் முழுசாகத் தடை செய்துவிட்டது. முதல் முறை விற்றாலே ஒரு வருஷம்வரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

எதிர்க்கடைக்காரரைப் பற்றி. சண்டை போடுவதிலோ ரகசியமாகப் புகார் கொடுப்பதிலோ தொடங்க வேண்டாம். அவரும் உங்களைப் போலவே, நாம் கொடுக்காவிட்டால் அந்தம்மா கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். வியாபாரம் ஓய்ந்த ஒரு மத்தியானம் போய், “அண்ணா, ரெண்டு பேரும் ஒரே நாள்ல நிறுத்திடலாமா, யாருக்கும் நட்டமில்ல” என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பகுதி வணிகர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் மற்றக் கடைகளுக்கும் சேரும். ஒத்துவரவில்லை என்றால் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு அபராதம் விதிக்க அவருக்கே அதிகாரம் உண்டு, பல தலைமையாசிரியர்களுக்கு இது தெரிவதில்லை. பள்ளியில் ஆசிரியர் ஒருவரும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஒரு மாணவரும் புகையிலைக் கண்காணிப்பாளராக இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது. உதவி ஆய்வாளர் நிலையிலிருந்து காவல்துறையினரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் நடவடிக்கை எடுக்கலாம்.

இப்போது அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் நாளைக்கே வேண்டாம். முதலில் அவனைத் தனியாகப் பாருங்கள். கூட்டாளிகள் இல்லாத நேரத்தில், “கண்ணு, உனக்குத்தான் வாங்குறேன்னு எனக்குத் தெரியும். திட்ட மாட்டேன். இன்னொரு தடவ பாத்தா அம்மாகிட்ட பேசுவேன்” என்று சொல்லுங்கள். சில பிள்ளைகள் அதிலேயே நிற்பார்கள். யாரோ ஒருவர் தன்னைக் கவனிக்கிறார் என்பதே அவர்களுக்குப் போதும். நிற்கவில்லை என்றால் அம்மாவிடம் சொல்லுங்கள். கடை வாசலில், நாலு பேர் முன்னால் வேண்டாம். அவர் பட்டறையிலிருந்து களைத்து வரும் வேளையும் வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்குப் போய், அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். அடி வாங்கிய பிள்ளை பழக்கத்தை விடாது, ஒளித்துச் செய்யக் கற்றுக்கொள்ளும். கிராம்பு மென்றுகொண்டு, மிட்டாய் வாசனையோடு என் முன்னால் அம்மாவின் பக்கத்தில் உட்காரும் பையன்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்கள் பிடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு” என்றதும் அழுதுவிடுவார்கள். விட வேண்டும் என்று அவர்களுக்கும் இருக்கிறது.

அந்த அம்மாவிடம் 1800-11-2356 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். கட்டணம் இல்லை, புகையிலையை விட ஆலோசனை தருவார்கள். நேரில் காட்ட வேண்டும் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். பதினான்கு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டால் மருந்துகூடத் தேவைப்படாமல் பேசியே விட வைக்கலாம், அது எங்களுக்கு நன்றாகவே தெரிந்த வேலை.

உங்கள் மகன் விஷயத்தை நீங்கள் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகமாக உறுத்தியது அதுதான். பதினெட்டு வயது ஆகாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது என்று விதி இருக்கிறது, சொந்தக் கடை, சொந்தப் பிள்ளை என்றாலும் அப்படித்தான். அதைவிட, அவன் நிலைமையை யோசியுங்கள். கேட்டு வருகிறவர்கள் அவனுடைய பள்ளி அண்ணன்மார்கள். எட்டாவது படிக்கிறவன் பத்தாவது படிக்கிறவனிடம் இல்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே மைதானத்துக்குப் போக வேண்டும். அவன் கொடுத்துவிடுவது இளகிய மனசால் மட்டும் இல்லை, பயமும் இருக்கலாம். நாளைக்கு, “நீயும் ஒரு இழுப்பு இழு” என்றால் அதற்கும் அவனால் மறுக்க முடியாது. சரக்கும் அவன் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சரக்கு எடுக்கும் வேலையைக் காலையில், அவன் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மாற்ற முடியுமா பாருங்கள். முடியாவிட்டால், பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி வாங்குங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பும்போது பீடி, சிகரெட் மொத்தத்தையும் அதில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போங்கள். பழம், பிஸ்கட், தண்ணீர் பாட்டிலை அவன் பார்த்துக்கொள்ளட்டும். யார் வந்து கேட்டாலும், பெரியவரே கேட்டாலும், அவன் சொல்ல வேண்டியது, “சாவி அம்மாகிட்ட இருக்குங்க, ஏழு மணிக்கு வாங்க.” இன்றைக்கு ராத்திரி கடை சாத்தும்போது அவனை இரண்டு தடவை சொல்ல வைத்துப் பழக்குங்கள்.